மூணு அடிக் கதவு

புதுவாயல்
8.6.2003

கர்த்தருக்குள் பிரியமான ஸ்டீவன் அண்ணனுக்கு, தங்கச்சி ஷைனி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுறது.

நைனா நல்லா இருக்குறாரு. அதே கம்பெனி கேட்டுல அதே வாட்ச்மேன் வேலை. அம்மா நல்லா இருக்குது. உன் போட்டோவைத் துடைச்சுத் துடைச்சு உன் மூக்கு பாதி அழிஞ்சு போச்சு. கறுப்புக் கோழி நல்லா இருக்குது, பதினோரு முட்டையில ஒம்பது பொரிச்சுது. நீ எப்படி இருக்குற? மஸ்கட் வெயில்ல இன்னும் கறுத்துட்டியா, இல்ல கறுக்கறதுக்கு இடமே இல்லியா?

மூணு மாசமா லெட்டர் போடலன்னு கோவத்துல இருப்ப. சோம்பேறின்னு திட்டிக்க, வாங்கிக்கிறேன்.

இப்ப ஒரு வேலையாத்தான் எழுதுறேன். நம்ம ஊட்டுக்குப் பின்னால நீ உன் கையால கட்டின பாத்ரூமை மாத்திக் கட்டணும். இன்னா செலவு ஆவும்? நீ அங்க தினம் டைல்ஸ்தான் ஒட்டுற, உன்னவிட யாருக்குத் தெரியும். இங்க கேட்டா ஆளுக்கு ஒரு ரேட் சொல்றாங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு ஒத்துவரல. கேக்கக் கேக்க தலை சுத்துது. பள்ளிக்கூடத்துல நான் கணக்குல எடுத்த மார்க்கு உனக்கே தெரியும்.

பணம் நீ புதுசா அனுப்ப வேணாம். பாஸ்புக்குல இருக்குறதுலேர்ந்து எடுத்துக்கலாம்னு பாக்குறேன். நீ சரின்னு ஒரு வார்த்தை எழுதினா போதும். மழைக்கு முன்னாடி முடிக்கணும்.

ஒடம்பைப் பாத்துக்க. தினம் ராத்திரி ஜெபத்துல உன் பேருதான் முதல்ல வருது.

உன் தங்கச்சி
ஷைனி


மஸ்கட்
22.6.2003

என் அன்புத் தங்கச்சி பாப்பாவுக்கு,

உன் லெட்டர் வந்து சேர்ந்துது. நானும் சுகம். இங்க சூடு நாப்பத்தஞ்சு. மத்தியானம் வேலை இல்ல, காலையில நாஷ்டாவுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுறோம். புதுசா ஒரு ஆஸ்பத்திரி கட்டுறாங்க, அதுல பாத்ரூம் அம்பத்திரண்டு. எல்லாம் நான் ஒட்டுறதுதான். கனவுல கூட டைல்ஸ் வருது.

மூணு மாசம் லெட்டர் போடாதவ, போட்டதும் பாத்ரூம் கணக்கு கேக்குற. சரி, சொல்றேன், எழுதி வெச்சுக்க. நான் கட்டினது நாலுக்கு அஞ்சு. தரை இருபது சதுர அடி. சுவத்துல நாலு அடி உசரத்துக்கு ஒட்டினா, கதவு போக அறுபத்திரண்டு. உடையறது, வெட்டறது சேத்து தொண்ணூறு அடி டைல்ஸ் வாங்கு. அடி இருபது ரூபான்னா ஆயிரத்து எண்ணூறு. சிமெண்ட் அஞ்சு மூட்டை எழுநூத்தம்பது. மணல் நானூறு. மேஸ்திரிக்கு நாலு நாள் எழுநூத்தி இருபது, சித்தாளுக்கு முந்நூத்தி அறுவது. குழாய், பைப்பு அறுநூறு. கீழ உக்கார்ற பேசின் புதுசு நானூத்தம்பது. மொத்தம் ஐயாயிரத்து எண்பது. அதுக்கு மேல எவனாவது கேட்டா எழுந்து போகச் சொல்லு.

ஆனா இப்ப இன்னாத்துக்கு பாத்ரூம்? ஜனவரியில உனக்குக் கல்யாணம். போன லீவுல நானே மீஞ்சூர் போயி எபிநேசரைப் பாத்து, அவங்க அம்மாகிட்ட உக்காந்து பேசி முடிச்சது. நிச்சயத்துக்கு அவங்க எடுத்த சேலைக் கலரு கூட எனக்கு ஞாபகம் இருக்குது. பாஸ்புக்குல இருக்குற நாப்பத்தாறாயிரம் உன் கழுத்துக்கும் காதுக்கும். அதுல கை வெக்காத. சர்ச்சுல கல்யாண ஓலை எந்த ஞாயித்துக்கிழமை படிக்கிறாங்கன்னு ஐயரைக் கேட்டு எழுது. மூணு வாரம் படிக்கணும், நான் லீவு கேக்கணும்.

பாத்ரூம் கல்யாணத்துக்கு அப்புறம்.

அம்மா நைனாவுக்கு என் அன்பு.
ஸ்டீவன்


புதுவாயல்
10.7.2003

பிரியமான அண்ணனுக்கு ஷைனி வணக்கமா எழுதுறது.

நைனாவுக்கு போன வாரம் சளி, இப்ப நல்லா இருக்குறாரு. அம்மா நலம். கோழிக்குஞ்சு ஒம்பதுல ரெண்டை காக்கா தூக்கிக்கினு போச்சு, மிச்சம் ஏழும் நலம். பக்கத்து ஊட்டு குப்பம்மாக்கா நலம், உன்னை விசாரிச்சுது.

உன் ஐயாயிரத்து எண்பதைப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் சிரிச்சேன். கோவிச்சுக்காத, கேளு. பச்சையப்பன் மேஸ்திரி வந்து டேப்பு போட்டு அளந்தாரு. இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு ஆவும்னு சொல்றாரு. முனையில இருக்குற பக்கீர் பாய் ஹார்டுவேர் கடையில லிஸ்ட் குடுத்தேன். சாமானுக்கு மட்டும் பதினாலாயிரத்து எழுநூத்தம்பதுன்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. நைனா தன் கணக்குல எட்டாயிரம்ன்றாரு. நீ ஐயாயிரம்ன்ற. நாலு பேரும் பொய் சொல்றவங்க இல்ல. அப்ப எது நெஜம்? எனக்கு யாரைக் கேக்கறதுன்னே தெரியல.

மேஸ்திரி சொன்னதை அப்படியே எழுதுறேன். கோழிக் கூட்டுப் பக்கம் இருக்குற சுவத்தை இடிச்சுட்டு ரூமை ஆறுக்கு ஏழா ஆக்கணும். கதவு மூணு அடி அகலம். மேல உக்கார்ற வெஸ்டர்ன் பேசின். சுவத்துல ரெண்டு எவர்சில்வர் கம்பி, தரையிலேர்ந்து ரெண்டே முக்கா அடி உசரத்துல. உக்காந்து குளிக்க ஒன்றரை அடி உசரத்துல ஒரு சிமெண்ட் மேடை. குழாய் அதுக்குப் பக்கத்துலயே தாழ இருக்கணும். பின்வாசல் படியை எடுத்துட்டு சரிவா சிமெண்ட் போடணும்.

இதுல எதையாவது குறைக்க முடியுமா பாரு. டைல்ஸ் வேணாம்னா வேணாம். ஆனா அகலத்தைக் குறைக்காத.

மழை வர்றதுக்குள்ள முடியணும்னு மறுபடியும் எழுதுறேன்.

ஷைனி


மஸ்கட்
24.7.2003

தங்கச்சிக்கு,

நான் சுகமா இருந்தேன், உன் லெட்டர் படிக்கற வரைக்கும். இப்ப பிபி ஏறிப்போச்சு.

இருபத்து மூவாயிரத்து ஐந்நூறா? அந்த டப்புக்கு நம்ம ஊட்டுக்கு மேல ஒரு ரூமே எழுப்பலாம். மூணு அடிக் கதவு எதுக்கு, குப்பம்மாக்கா எருமையை உள்ள ஓட்டிக்கினு வந்து குளிப்பாட்டப் போறியா? நம்ம தெருவுக் கதவே ரெண்டே முக்கா அடிதான். கம்பி எதுக்கு, துணி காயப்போடவா? நாலு பேரு நல்லா இருக்கற ஊட்டுல பாத்ரூம் ஆறுக்கு ஏழு யாரு கட்டுவான்? பச்சையப்பன் அண்ணன் எங்கயோ சிப்காட்டுல ஆபீசருங்களுக்குக் கட்டின ப்ளானை உன் தலையில கட்டுறாரு. துபாய் காசு, மஸ்கட் காசுன்னா இங்க மரத்துல காய்க்குதுன்னு எல்லாருக்கும் நெனப்பு. உன்னை ஏமாத்துறாங்க, நீயும் தலையை ஆட்டிக்கினு இருக்குற.

போன வெள்ளிக்கிழமை பாய் கடைக்கு போன் போட்டேன். பாய் ஆள் அனுப்பி நைனாவைக் கூப்பிட்டாரு. பாத்ரூம் பத்திக் கேட்டா, "எல்லாம் பாப்பாவுக்குத்தான்டா தெரியும்"னு சொல்லிட்டு வெயில், மழைன்னு பேசிக்கினு இருந்தாரு. ஒரு நிமிஷத்துக்கு எனக்கு எவ்ளோ போவுதுன்னு தெரியுமா? உன்னைக் குடுன்னா நீ இல்லன்னுட்டாரு.

பாஸ்புக்குல கை வெக்கக்கூடாது. பச்சையப்பன் அண்ணனுக்கு நானே தனியா எழுதுறேன். ஓலை எப்பன்னு கேட்டதுக்கு நீ பதிலே போடல. எபிநேசர் இன்னா சொல்றாரு? அவருக்கு நான் போட்ட லெட்டருக்கும் பதில் இல்ல. கல்யாணத்துக்கு அஞ்சு மாசம் இருக்கறப்ப எல்லாரும் இப்படி வாயை மூடிக்கினு இருந்தா எனக்கு பேஜாரா இருக்குது.

ஸ்டீவன்


புதுவாயல்
10.8.2003

தம்பி ஸ்டீவனுக்கு மேஸ்திரி பச்சையப்பன் எழுதுவது.

நானும் என் குடும்பமும் நலம். நீயும் நலமுடன் இருக்க எல்லம்மன் அருள் கிடைக்கட்டும்.

உன் லெட்டர் கிடைத்தது. பாய் கடையிலேயே நின்று படித்தேன், படித்த பிறகு பாயும் வாங்கிப் படித்தார். நான் கொள்ளையடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இருபத்தாறு வருஷமாகக் கரண்டி பிடிக்கிறேன், ஒருத்தன் என்னை இப்படிக் கேட்டதில்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் நேரில் வந்து நாலு கேட்டிருப்பேன். நீ எழுதினதால் பொறுத்துக்கொண்டேன். தூரத்தில் இருக்கிறவனுக்கு எல்லாம் தப்பாகத்தான் தெரியும்.

கூலி மொத்தம் ஐயாயிரத்து ஐந்நூற்றைம்பது போட்டிருந்தேன். அதில் என் கூலியை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், சித்தாள் கூலி மட்டும் போதும். ஆனால் கதவு மூன்று அடிதான். அதில் ஒரு அங்குலம் குறைக்கச் சொன்னாலும் நான் அந்த வேலையைத் தொட மாட்டேன். ஏன் என்று என்னைக் கேட்காதே. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பச்சையப்பன்


மஸ்கட்
26.8.2003

பாப்பாவுக்கு,

நான் நலம். இந்த லெட்டரை வேலையை விட்டு வந்ததும் குளிக்காம கூட எழுதுறேன்.

பச்சையப்பன் அண்ணன் எனக்கு எழுதினதைப் படிச்சதுலேர்ந்து ஒண்ணும் புரியல. ஏமாத்தறவன் கூலி வேணாம்னு சொல்லுவானா? கூலி வேணாம்னு சொல்றவன் கதவுக்கு எதுக்கு சண்டை போடுவான்?

இன்னைக்குக் காலையில கீழ் மாடியில ஒரு பாத்ரூமுக்கு, கம்பி அடிக்கற ஆள் வரலன்னு, நான் கம்பி அடிச்சேன். மூணு அடி உசரத்துல ஓட்டை போட்டுட்டேன். எகிப்துக்கார இன்ஜினியரு வந்து கத்துறாரு, ட்ராயிங்கைப் பாருன்றாரு. பாத்தா ரெண்டே முக்கா அடி. கதவைப் பாத்தா மூணு அடி. ரூம் கிட்டத்தட்ட ஆறுக்கு ஏழு. வாசல்ல படி இல்ல, சரிவு. ட்ராயிங்குல ஓரமா சக்கர நாற்காலி படம் போட்டிருக்குது. இதே மாதிரி ஒம்பது ரூமுக்கு ஏற்கெனவே நான் டைல்ஸ் முடிச்சிருக்கேன் பாப்பா. என் கையாலயே ஒட்டிட்டு, நீ எழுதினப்ப எருமைக்கான்னு கேட்டேன்.

நைனாவுக்கு இன்னா ஆச்சு? கேட்டுல வண்டி கிண்டி மோதிடுச்சா? உடனே பாய் கடைக்கு போன் போட்டேன். நைனாதான் வந்தாரு. கடைக்கு ஏறற மூணு படியையும் ஏறி வந்து, மூச்சு வாங்க "இன்னாடா, காசை வீணாக்குற"ன்றாரு. அம்மாவைக் குடுங்கன்னேன். அம்மா பத்து நிமிஷத்துல ஓட்டமா வந்துது. ரெண்டு பேருக்கும் காலு நல்லாத்தான் இருக்குது. எனக்கு இன்னும் குழப்பம் ஜாஸ்தியாத்தான் ஆச்சு. யாருக்குன்னு கேட்டேன். அம்மா லைனை வெச்சுட்டுது.

யாருக்குப் பாப்பா அந்த ரூம்?

ஸ்டீவன்


மஸ்கட்
26.9.2003

ஷைனிக்கு,

ஒரு மாசமா உன்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல.

இன்னைக்கு லீவு. நீ எழுதின லெட்டரை எல்லாம் கட்டில் மேல பரப்பி வெச்சு திரும்பத் திரும்பப் படிச்சேன். நைனா நலம், அம்மா நலம், கோழி நலம், காக்கா தூக்கினது போக குஞ்சு ஏழும் நலம், குப்பம்மாக்கா நலம். நீ நல்லா இருக்குறன்னு ஒரு இடத்துல கூட நீ எழுதல. மார்ச் மாசத்துக்கு முன்னாடி எழுதினதுல எல்லாம் முதல் வரியே அதான்.

அஞ்சு தடவை போன் போட்டேன். நைனா வந்தாரு, அம்மா வந்துது. நீ ஒரு தடவையும் வரல. கம்பெனியில ஷிப்டுன்னாங்க, கடைத்தெருன்னாங்க, தூங்குதுன்னாங்க. என் போன்னா அரைக் கிலோமீட்டர் ஓடி வர்றவ நீ. பாய் கடைக்கு மூணு படி ஏறணும்.

ஷைனி, உனக்கு இன்னா ஆச்சு?

அண்ணன்


புதுவாயல்
12.10.2003

அண்ணாவுக்கு,

நைனா, அம்மா நலம். உன் லெட்டரை அம்மாகிட்ட காட்டல. நானே எழுதிடறேன்.

மார்ச் மூணாம் தேதி. கம்பெனி காலை ஷிப்டுக்கு எங்களை ஏத்திக்கினு போற காண்ட்ராக்ட் வேன், புதுவாயல் கூட்டு ரோட்டுல திரும்பறப்ப கவுந்துடுச்சு. பதினாலு பேரு. மத்தவங்களுக்குச் சின்னச் சின்ன அடிதான். நான் வேனுக்கு அடியில மாட்டிக்கினேன். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டரை மாசம் இருந்தேன். வலது காலை முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க. இடது கால்ல கம்பி வெச்சிருக்காங்க, இன்னும் ஊனக் கூடாதுன்றாங்க. மெதுவா ஊனலாமாம், ஒரு வருஷம் ஆவுமாம். சர்ச்சுல சேர்ந்து ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் குடுத்தாங்க.

உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா பைபிள் மேல கை வெக்கச் சொல்லி எல்லார்கிட்டயும் வாக்கு வாங்கிச்சு. நீ கம்பெனிகிட்ட இருக்குற பாஸ்போர்ட்டைக் கூட கேக்காம ஓடி வந்துடுவ, அங்க இந்த ரெண்டு வருஷக் காண்ட்ராக்ட்டை முடிக்காம வந்தா எல்லாம் போயிடும்னு அதுக்குப் பயம். மேஸ்திரிகிட்டயும் பாய்கிட்டயும் வாக்கு வாங்கிடுச்சு. பாய், எனக்கு பைபிள் வேணாம்மா, சும்மாவே சொல்ல மாட்டேன்னாராம்.

எனக்கு வேற காரணம். எபிநேசரோட அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டாந்தாங்க, ரொம்ப நேரம் ஜெபம் பண்ணாங்க, என் தலையைத் தடவிக் குடுத்தாங்க. அடுத்த வாரம் சர்ச்சு ஐயர் வந்து அவங்களுக்கு மனசு இல்லன்னு சொன்னாரு. எபிநேசர் ஒரு தடவை கூட வரல. நீ மீஞ்சூர் போயி உக்காந்து பேசி முடிச்ச கல்யாணம். ஓலை எப்ப, ஓலை எப்பன்னு நீ கேக்கறப்ப எல்லாம், எனக்கு இன்னா எழுதறதுன்னு தெரியாம கோழியைப் பத்தி எழுதினேன். பொய் ஒண்ணும் எழுதல, பாத்துக்க.

இப்ப பாத்ரூம். நாற்காலி நீ வெச்ச ரெண்டரை அடிக் கதவுல போவல. பின்வாசல் படி வேற. அதனால கோழிக் கூட்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு என்னை உக்கார வெச்சு, குப்பம்மாக்கா ஒரு பக்கமும் நைனா வேட்டியைக் கட்டின குச்சி ஒரு பக்கமும் மறைச்சுக்கினு, அம்மா தண்ணி ஊத்துது. இருபத்துநாலு வயசு எனக்கு. நைனா அந்த நேரத்துல தெருப் பக்கம் போயி திரும்பிப் பாக்காம நிக்கிறாரு. அவரு முதுகு எனக்குத் தெரியும், அதைப் பாத்துக்கினுதான் குளிக்கிறேன். மழை பேஞ்சா குளியல் இல்ல. மத்ததை எழுத எனக்குக் கை வரல.

ஆஸ்பத்திரியில எக்சர்சைஸ் சொல்லிக்குடுக்கற அம்மாதான் அளவு எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாங்க. கம்பி ரெண்டே முக்கா அடியில இருந்தா நானே பிடிச்சு எழுந்து நானே உக்காரலாமாம். எனக்கு நெக்லஸ் வேணாம், அந்தக் கம்பி வேணும். அதனாலதான் பாஸ்புக்கைக் கேட்டேன்.

இருபத்து மூவாயிரம் ஜாஸ்தின்னா எது வேணாம்னு நீயே சொல்லு. ஆனா வேலையை விட்டுட்டு வந்துடாத. வந்தா, அம்மா என்னைத்தான் திட்டும்.

ஷைனி


மஸ்கட்
27.10.2003

என் பாப்பாவுக்கு,

உன் லெட்டரை ஒம்பதாவது நம்பர் பாத்ரூம்ல, டைல்ஸ் அடுக்கின பெட்டி மேல உக்காந்து படிச்சேன். கதவை சாத்திக்கினு அழுதேன். கூட வேலை செய்யறவங்க தட்டிப் பாத்துட்டு போயிட்டாங்க. எட்டு மாசம். ஊருக்கே தெரிஞ்சுது, எனக்கு மட்டும் தெரியல. அம்மா மேல கோவமா இருக்குது, எபிநேசர் மேல இருக்குற கோவத்தை எழுதினா தபால்காரன் லெட்டரை எடுத்துக்கினு வர மாட்டான். எல்லாத்தையும் விட என் மேலதான் கோவம். எருமைன்னு எழுதின கை இது.

போதும். கணக்குக்கு வர்றேன், எனக்குத் தெரிஞ்சது அதுதான்.

எல்லாரும் சொன்னது சரி. நான்தான் எந்த பாத்ரூம்னு தெரியாமலே கணக்கு போட்டேன். ஆறுக்கு ஏழுக்கு டைல்ஸ் நூத்தம்பது அடி ஆவும், மூவாயிரம். சிமெண்ட் பதினஞ்சு மூட்டை. வெஸ்டர்ன் பேசின் டாங்க்கோட ரெண்டாயிரத்து அறுநூறு. கம்பி, கதவு, குழாய், மேல போடற ஷீட்டு எல்லாம் சேத்தா பாய் எழுதின சீட்டு பைசா சுத்தம். செங்கல், மணல், சரிவுக்கு ஆவறது அவரு விக்கிறதில்ல, அதனால எழுதல. அதுக்கு ஒரு மூவாயிரத்து இருநூறு, கூலி ஐயாயிரத்து ஐந்நூத்தம்பது. கூட்டிப் பாரு, இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு. பச்சையப்பன் அண்ணன் ஒரு ரூபா கூட ஜாஸ்தி போடல. நைனா மட்டும் பழைய ரூமுலயே வெஸ்டர்ன் வெச்சா எவ்ளோன்னு பாத்திருக்காரு. பாவம், அதுக்கு மேல யோசிக்க அவரால முடிஞ்சிருக்காது.

பாஸ்புக்குல இருக்கறதை எடு. முழுசும் உன்னோடதுதான். பச்சையப்பன் அண்ணனுக்கு முழுக் கூலியும் குடுக்கணும், வாங்கலன்னா அவரு பொண்ணு கையில குடு. அவருக்குத் தனியா மன்னிப்பு கேட்டு எழுதிட்டேன்.

சுவத்தை நாளைக்கே இடிக்கச் சொல்லு. படி ஒம்பது அங்குலம்னா சரிவு ஒம்பது அடி நீளம் வேணும், அதுல கஞ்சத்தனம் பண்ணா நாற்காலி பின்னால உருளும். கம்பி அடிக்கற இடத்துல செங்கல் வேணாம், கான்க்ரீட் போடச் சொல்லு, உன் வெயிட்டு முழுக்க அது தாங்கணும். கதவு வெளிப்பக்கம் திறக்கணும். உள்ள நீ விழுந்தா, உள் பக்கம் திறக்கற கதவைத் தள்ள முடியாது. அதே காரணத்துக்கு உள்ள தாழ்ப்பாள் வேணாம். இங்க ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் சொல்றாங்க. அம்மா வெளியவே நிக்கட்டும்.

டைல்ஸை மட்டும் யாரும் தொடக் கூடாது. டிசம்பர் நாலாம் தேதிலேர்ந்து முப்பது நாள் லீவு கேட்டுட்டேன், டிக்கெட் என் காசு. வேலையை விட்டுட்டு வரல, ஜனவரியில திரும்பிடுவேன், அம்மாகிட்ட சொல்லு. அதுவரைக்கும் தரையை வெறும் சிமெண்ட்டுல சொரசொரப்பா விட்டு வெச்சு நீ குளிக்க ஆரம்பிச்சுடு. வழுக்காத டைல்ஸ் எதுன்னு எனக்குத் தெரியும். நான் வந்து ஒட்டுறேன்.

அண்ணன்
ஸ்டீவன்


புதுவாயல்
22.11.2003

பிரியமான அண்ணனுக்கு,

இந்த வாட்டி முதல்ல நான். நான் பரவாயில்ல. காலு இல்லாத இடத்துல ராத்திரியில அரிக்குது, சொறியறதுக்கு ஒண்ணும் இல்ல. மத்தபடி நல்லா சாப்புடறேன். நைனா நலம். அம்மா நலம், உனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு ரெண்டு நாள் என்கிட்ட பேசல, அப்புறம் ஒரு நாள் பூரா அழுதுது, இப்ப டிசம்பர் நாலை எண்ணிக்கினு இருக்குது. கோழி எடம் மாத்திட்டோம், அதுக்குத்தான் கோவம்.

சுவரு இடிச்சாச்சு. புதுச் சுவரு எழுந்தாச்சு. மேஸ்திரி சரிவைப் போட்டுட்டு, காஞ்சதும் அவரே என் நாற்காலியில உக்காந்து மூணு தடவை ஏறி எறங்கிப் பாத்தாரு. தெருவே நின்னு வேடிக்கை பாத்துது. உன் மன்னிப்பு லெட்டரை மடிச்சு சட்டைப் பையில வெச்சிருக்காரு, யாருக்கும் காட்டல. கூலியை முழுசா வாங்கிக்கினாரு. நீ குடுக்கச் சொன்னன்னதும் எண்ணிக் கூட பாக்கல.

நீ எழுதினது எல்லாம் அப்படியே நடக்குது. ஒண்ணே ஒண்ணு மட்டும் நான் மாத்திட்டேன்.

தாழ்ப்பாள் வேணும். உள் பக்கம். நான் உக்காந்தா எட்டற உசரத்துல. பாய் கடையிலேர்ந்து நானே வாங்கிட்டேன், பாய் படி எறங்கி நாற்காலிகிட்ட வந்து அஞ்சு மாடல் காட்டினாரு. முப்பத்தஞ்சு ரூபா. உன் கணக்குல சேத்துக்க, இருபத்து மூவாயிரத்து ஐந்நூத்தி முப்பத்தஞ்சு.

அம்மா வெளிய நிக்கட்டும்னு எழுதியிருக்க. எட்டு மாசமா எல்லாரும் என் பக்கத்துலதான் நிக்கிறாங்க அண்ணா. நான் ஒரு தடவை கதவை சாத்தி, உள்ள தாழ்ப்பாள் போட்டு, யாரும் பாக்காம குளிக்கணும்.

விழுந்தா கத்துறேன். கதவை உடைச்சுக்கினு வாங்க. புதுக் கதவு இன்னா வெலைன்னு அப்புறம் பாத்துக்கலாம்.

ஷைனி